உக்காத சேலைத்துண்டு

அக்காவோடு பஸ்ஸில் போவதென்றால் நான் இரண்டு இருக்கை தள்ளித்தான் உட்காருவேன். பக்கத்தில் யார் வந்து அமர்ந்தாலும் நாலு தரிப்பு தாண்டுவதற்குள் அவருடைய ஊர், ஊருக்கு எந்தப் பக்கம் ஆறு, பழைய கோயிலோ மசூதியோ எங்கே இருக்கிறது, அதன் சாவி யார் வீட்டில் தொங்குகிறது என்பது வரை கேட்டு முடித்துவிடுவார். ஒருமுறை சாரதியையே பிடித்துக்கொண்டார். அவர் எதியோப்பியாக்காரர். சிவப்பு விளக்கில் நின்றபடி, தன் ஊர்ப்பக்கம் பாறையைக் குடைந்து கட்டிய கோயில் ஒன்றைப் பற்றி இரண்டு கையாலும் வரைந்து காட்டினார். விளக்குப் பச்சையாகி, பின்னால் நின்ற கார்களெல்லாம் ஹோர்ன் அடித்த பிறகுதான் பஸ் நகர்ந்தது. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

அவர் என் கூடப்பிறந்தவர் அல்ல. வோபர்னில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் நான் ஆறாம் மாடி, அவர் ஒன்பதாம் மாடி. கணவர் மொன்றியலில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். ஊரெல்லாம் கேள்வி கேட்ட அக்காவிடம் அந்த ஒன்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை. ஒரே மகள், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

கால் தரிக்காத மனுஷி. நின்றபடி சாப்பிடுவார். எங்கள் வீட்டுக்கு வந்தால் ரீயை ஒரு வாய் குடித்து ஜன்னலடியில் வைப்பார், அடுத்த வாயைக் குசினியில் குடிப்பார், மிச்சத்தை எங்கே வைத்தார் என்று பிறகு என் மனைவி தேடிக்கொண்டிருப்பாள். படம் பார்க்க முடியாது, பூசையில் இருக்க முடியாது. இறங்க வேண்டிய தரிப்புக்கு இரண்டு தரிப்பு முன்னாலேயே இறங்கி நடப்பார். ஒரு இடத்திலை இருந்தால் உடம்பு குடையுது என்பார்.

எங்கள் ஆட்களிடையே அக்காவுக்கு நல்ல பெயர் கிடையாது. காரணம் அந்தக் கேள்விகள்தான். யாழ்ப்பாணத்தாரிடம் "எந்த ஊர்" என்று கேட்டுவிட்டு "ஊரிலை எந்தப் பக்கம்" என்றும் கேட்டால், கேட்கப்பட்டவரின் முகம் உடனே இறுகிவிடும். எதைத் தோண்டுகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். அக்கா சாதியைத் தோண்டவில்லை. அவருக்கு வேண்டியது உண்மையிலேயே குளம் எந்தப் பக்கம் என்பதுதான். இதை யாருக்குச் சொல்லி நம்பவைப்பது? கல்யாண வீடுகளில் அவரைக் கண்டு மற்ற மேசைக்கு மாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஓரிரு தடவை மாறியிருக்கிறேன்.

இப்படிப்பட்டவருக்கு அயர்லாந்துக்காரர்கள் கிடைத்தது பெரிய புதையல். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்தார். அங்கே மூன்றாம் மாடியில் அயர்லாந்தின் மேற்குப் பக்கத்தில் பிறந்த கிழவி ஒருத்தி இருந்தாள். தொண்ணூறு தாண்டியவள். அக்கா அவளைக் குளிப்பாட்டும்போது வழக்கம்போல ஊரைக் கேட்டிருக்கிறார். கிழவி குளித்து, உடுத்து, சாப்பிட்டு முடித்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். எந்த வளைவில் திரும்ப வேண்டும், எந்த வயலுக்குள் நட்டு வைத்த கல் நிற்கிறது, மாடுகள் முதுகு தேய்த்துத் தேய்த்து அந்தக் கல் எந்த உயரத்தில் வழுவழுப்பாகியிருக்கிறது, வட்டமாக மண் அணை கட்டிய பழைய கோட்டைக்குள் ஏன் யாரும் மரம் தறிப்பதில்லை, தறித்த ஒருவனுடைய வாய் எப்படிக் கோணிப்போனது. அன்று பின்னேரம் அக்கா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அவையளும் எங்களைப்போலை ஊர் விட்டுட்டு வந்த சனம்தான். ஆனா ஊரைக் கேட்டால் சந்தோசமாச் சொல்லுவினம். எங்கடை சனத்தைக் கேட்டுப் பாரும், ஏன் கேக்கிறாய் எண்டு திருப்பிக் கேக்கும்."

அதன் பிறகு நூலகத்தில் வியாழக்கிழமைகளில் கூடும் ஒரு வட்டத்தையும் கண்டுபிடித்துக்கொண்டார். அயர்லாந்திலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு முதியவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் தலைமையில் தங்கள் நாட்டுக் கதைகளையும் கவிதைகளையும் வாசித்துக் கலந்து பேசுவார்கள். நடுவில் ஒரே ஒரு யாழ்ப்பாணத்துக்காரி. நானும் ஒருமுறை போய்ப் பின்வரிசையில் இருந்தேன். ஆசிரியை ஏதோ குளத்தைப் பற்றிய கவிதையை அழகாக வாசித்து முடித்தார், எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். அக்கா கையைத் தூக்கி, அது எந்தக் குளம், கரையில் யாருடைய வீடு என்று கேட்டார். எனக்கு மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. கவிதை என்பது அப்படிப் பார்ப்பதல்ல என்று ஆசிரியை விளக்கத் தொடங்க, மூலையிலிருந்த கிழவர் ஒருவர், அந்தக் காலத்தில் மேசன் வேலை செய்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தக் குளம் தன் மாமன் வீட்டுக்குப் பின்னால்தான் என்றார். எழுதிய கவிஞர் மாமனிடம் இரவல் வாங்கிய வள்ளத்தைக் கடைசிவரை திருப்பிக் கொடுக்கவில்லையாம். அதோடு வகுப்பு கலகலத்துப்போனது. ஆளாளுக்குத் தங்கள் குளம், தங்கள் கவிஞர் என்று தொடங்கிவிட்டார்கள். பிறகு ஆசிரியையே கவிதையை வாசித்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்ப்பாராம்.

கேட்டதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினார். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி யார் சொன்னது என்பது. இரண்டாவது, அங்கே போனால் யாரிடம் கேட்க வேண்டும். மூன்றாவதாகத்தான் விஷயம். அந்த நாட்டில் கல்லறையும் கோட்டையும் யாரோ ஒருவருடைய வயலுக்குள் இருக்கும், சாவி பக்கத்து வீட்டிலோ கடையிலோ இருக்கும், கதவைத் தட்டிக் கேட்காமல் எதையும் பார்க்க முடியாது என்று அக்காவுக்கு அவர்கள் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் இணையத்தில் படத்தோடு இருக்கிறது அக்கா என்று நான் சொல்வேன். உதை ஆர் சொன்னது என்று கேட்பார். பெயரில்லாத செய்தி அவருக்குச் செய்தியே இல்லை.

மகளுக்கு வலிப்பு இருந்தது. பதினாறு வயதில் தொடங்கியது. இது எங்கள் கட்டடத்தில் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். பொம்பிளைப் பிள்ளை, நாளைக்கு ஒரு இடத்தில் கல்யாணப் பேச்சுக்கால் வரும்போது இது தெரிந்தால் என்னாகும் என்று அக்கா பயந்தார். மகளுக்கு அந்தக் கவலை கிடையாது. அவளுடைய கோபமெல்லாம் கார் லைசன்ஸைப் பறித்துவிட்டார்கள் என்பதும், அம்மா தன்னைத் தனியே குளிக்கக்கூட விடுவதில்லை என்பதும்தான். "அங்கிள், ஷீ இஸ் ஸ்டாண்டிங் அவுட்சைட் த டோர், எவ்ரி டே, சும்மா நிண்டு என்ரை பேரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறா" என்று என்னிடம் ஒருநாள் முறையிட்டாள். நான் இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டினேன்.

டப்ளினிலிருந்த அண்ணன் மகனின் கல்யாணத்துக்கு அக்கா போனார். மகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு ஆறே நாள். கல்யாணம் ஒரு சாட்டு என்று எனக்குத் தெரியும். கொப்பியைக் கைப்பையில் வைத்திருந்தார். ஒரு கடைக்காரரிடம் சாவி வாங்கிப் பழைய கல்லறை ஒன்றுக்குள் போனபோது, கோயிலுக்குள் போவதுபோல வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பனித்தண்ணீர் தேங்கிய கல்லில் காலுறையோடு நடந்து, சளியும் தடிமனும் வாங்கிக்கொண்டார். கடைக்காரர் நனைந்த காலுறையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அடுப்படியில் கதிரை போட்டுக் கொடுத்தாராம். அக்காவுக்கு அந்த மனுஷனைக் கடைசிவரை மறக்க முடியவில்லை.

முக்கியமான இடம் வேறு. கிழவி சொன்ன ஊற்று அது. கிணறு என்று சொல்கிறார்கள், ஆனால் ஆழமில்லை, கல் கட்டிய ஊற்று, குனிந்தால் கை எட்டும். வலமாக மூன்று முறை சுற்றிவந்து, கந்தல் துணியொன்றை நனைத்து, நோயுள்ள இடத்தில் ஒற்றி, பக்கத்திலிருக்கும் முள்மரத்தில் கட்டினால் நோய் போகும் என்று கிழவி சொல்லியிருந்தாள். வலமாகச் சுற்றுவது என்றதும் அக்காவுக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது. ஆனால் கந்தல் என்பது மனதுக்கு ஒப்பவில்லை. கடவுளுக்குக் கொடுப்பதில் கந்தலைக் கொடுப்பதா? புறப்படுமுன்னரே, மகள் பெரியபிள்ளையானபோது உடுத்த சாமத்தியச் சேலையை எடுத்து, கடும்பச்சைச் சேலை, தங்கக் கரை, அந்தக் கரையோடு ஒரு முழம் வெட்டினார். மகள் தூங்கும்போது அதை அவள் தலையில் ஒற்றி எடுத்தார். கொண்டுபோய் நனைத்து மரத்தில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். கூட்டிப்போன அண்ணன் மகன் கல்யாண அவசரத்தில் காரிலிருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்ததால், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி நாலு வார்த்தை கேட்க முடியாமல் போனது ஒன்றுதான் அவருக்குக் குறை.

திரும்பி வந்து இரண்டு மாதம் மகளுக்கு ஒன்றும் வரவில்லை. அக்கா வியாழக்கிழமை வட்டத்தில் பெருமையாகச் சொன்னார், என்ன துணி, எத்தனை முடிச்சு என்று எல்லாமே. மேசன் கிழவர் சிரித்துவிட்டாராம். அந்தத் துணி நூறு வருஷமானாலும் அப்படியே இருக்குமே என்றார். துணி மழையில் நைந்து உக்க உக்கத்தான் நோய் கரையும், அதற்காகத்தானே கந்தலைக் கட்டுவது. மேசையைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் ஓம் என்று தலையாட்டினார்கள். எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அக்கா முதியோர் இல்லத்துக்கு ஓடிப்போய்க் கிழவியிடம், இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். இது தெரியாதவர்களும் உலகத்தில் இருக்கிறார்களா என்று கிழவி ஆச்சரியப்பட்டாள்.

பிழை அதோடு முடியவில்லை. அடுத்த வாரம் ஆசிரியை இன்னொன்று சொன்னார். கட்டிய துணியை யாரும் அவிழ்க்கக் கூடாது, அவிழ்க்கிற கைக்கு நோய் வந்துவிடும்.

அந்த மாதமே மார்க்கம் வீதி பஸ் தரிப்பில் மகள் விழுந்தாள். நெற்றியில் ஏழு தையல். டொக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். அக்கா டொக்டர் சொன்னதையும் கேட்டார், மரத்தையும் நினைத்துக்கொண்டிருந்தார். முன்பே தரிக்காத கால் இப்போது முற்றாகத் தரிக்கவில்லை. ஒன்பதாம் மாடி நடைபாதையில் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு நடந்துகொண்டே இருப்பார். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே லிப்ட் வந்தால் ஏறிக் கீழே போவார், அடுத்த லிப்டில் மேலே வந்து விட்ட இடத்திலிருந்து பேசுவார். எனக்கு எரிச்சலாக வந்தது. படித்த பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த மனுஷி ஏன் ஒரு துணிக்குப் பின்னால் அலைகிறார் என்று மனைவியிடம் சீறினேன். நாங்கள் நாளைக்கு எங்கள் பிள்ளைகளுக்காக எதைக் கட்டுவோமோ, சும்மா இருங்கள் என்றாள் அவள்.

என் வேலைத்தலம் மார்க்கம் நகரில். மென்பொருள் கம்பனி. டப்ளினில் எங்களுக்குக் கிளை இருந்தது, நாலு நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். அக்காவிடம் சொல்லாமல் போய்விடத்தான் நினைத்தேன். அவருக்கு எப்படித் தெரியாமல் போகும்? புறப்படுவதற்கு முதல்நாள் வந்தார், கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றைத் தாளோடு.

"ஒருக்கா போய்ப் பாத்து, நிறம் மங்கியிருக்கோ எண்டு சொன்னாக் காணும். படம் எடும். தொட்டுப்போடாதையும்."

"அவிட்டால் பிரச்சினை தீருமெண்டால் அவிட்டுக்கொண்டு வாறனே அக்கா."

"உமக்கு விசரோ? நானெண்டால் எப்பவோ போய் அவிட்டிருப்பன். எனக்கு வந்தால் வரட்டும். ஆனா எனக்கு வலிப்பு வந்தால் பிறகு அவளை ஆர் பாக்கிறது?"

அந்தக் கணக்கை அவர் எத்தனை நாள் நடந்து நடந்து போட்டிருப்பார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தொடமாட்டேன் என்று சொன்னேன்.

பயிற்சி முடிந்த சனிக்கிழமை காரொன்றை வாடகைக்கு எடுத்தேன். இடது பக்கம் ஓட்டும் நாட்டில் பிறந்தவன்தான், ஆனால் அங்கே சைக்கிளுக்கு மேல் ஓட்டியதில்லை. வேலியில் உரசாமல் போய்ச் சேர்ந்ததே பெரிய காரியம். அக்காவின் ஒற்றையில் எந்தக் கடையில் கேட்க வேண்டும் என்று இருந்தது. எனக்குக் கதவு தட்டவும் வாய் திறந்து கேட்கவும் கூச்சம். போனில் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து ஒரே வளைவைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த வளைவில் மஞ்சள் கதவு வைத்த வீடொன்று, அதைத் தாண்டி மூன்றாம் தடவை போனபோதுதான் வேலிக்குப் பின்னால் மரம் தெரிந்தது.

சின்ன மரம். கிளையெல்லாம் துணி. எல்லாம் மழையில் ஊறிச் சாம்பல் நிறமாகி, தொட்டால் உதிர்ந்துவிடும் போலிருந்தன. நடுவில் கடும்பச்சை, தங்கக் கரை. கடையிலிருந்து நேற்று வாங்கியதுபோல மினுங்கிக்கொண்டு நின்றது. சிரிப்பு வரவேண்டிய காட்சி. எனக்கு வந்தது கோபம். அந்த மரத்தின் மீதா, அக்காவின் மீதா, நெற்றியில் தையலோடு இருந்த பிள்ளையின் மண்டைக்குள் எங்கோ பிழையாகத் திருகிக்கிடந்த நரம்பின் மீதா என்று இன்றும் தெரியாது. படம் எடுக்கத்தான் கிட்டப் போனேன். கை முடிச்சுக்குப் போய்விட்டது.

மழையில் நனைந்து காய்ந்த முடிச்சு கல்லாகியிருந்தது. நகத்தால் முடியவில்லை. ஈரத்தில் முழங்காலைக் குத்தி, பல்லால் கடித்து இழுத்தேன். மூன்று முடிச்சுக்கும் அரை மணித்தியாலம் போயிருக்கும். அவிழ்த்த துணியைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்து, வழியிலிருந்த பெற்றோல் நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டேன். எதையும் நம்பாத நான் பிறகு உள்ளே போய்ச் சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன், வாயையும் கொப்பளித்தேன்.

வெறும் கிளையின் படத்தை அனுப்பியதும் அக்கா போன் எடுத்தார்.

"உக்கி விழுந்திட்டுது அக்கா. இப்ப மரத்திலை இல்லை."

"ஆர் சொன்னது?"

கண்ணால் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். நாயோடு நடந்துபோன ஒரு கிழவர் சொன்னார், போன மாரியிலேயே உக்கிப்போய்விட்டதாம் என்றேன். எந்த வீட்டுக் கிழவர் என்று கேட்டார். வாயில் வந்தது மஞ்சள் கதவு வீடு. பெயர் கேட்கவில்லையா என்றார். கேட்கவில்லை என்றேன். பெயரைக் கேட்காமல் ஒரு மனுஷனிடம் எப்படிக் கதைத்தீர் என்று ஒருதரம் ஏசிவிட்டு, அழத் தொடங்கினார். அன்றே கொப்பியில் எழுதிவிட்டார். மஞ்சள் கதவு வீட்டுக் கிழவர், நாய் உண்டு, பெயர் அறிய வேண்டும். அந்தக் கொப்பி முழுவதிலும் பொய் என்று இருந்தது அந்த ஒரு வரிதான், அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

பிறகு மகளுக்கு வலிப்பு வரவில்லை. அதே சமயத்தில் டொக்டர் மருந்தையும் மாற்றியிருந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எது கேட்டதென்று நான் வாதாட வரவில்லை. ஒரு வருஷம் போனது. லைசன்ஸ் திரும்பக் கிடைத்தது. அன்று அக்கா கேசரி கிண்டி மாடி மாடியாகக் கொடுத்தார். பட்டம் முடித்து, பிக்கரிங்கில் முதல் வேலைக்கு அவளே கார் ஓட்டிப் போனாள். எல்லாம் நல்லபடி நடந்துகொண்டிருக்க, நான் மட்டும் அக்காவை லிப்டில் கண்டால் திரும்பிப் படிக்கட்டால் இறங்கினேன்.

அடுத்த இளவேனிலில் அவர் நேர்த்தி தீர்க்கப் போவதாகச் சொன்னார். ஊற்றுக்கும் போவார், மஞ்சள் கதவு வீட்டுக் கிழவரையும் கண்டு நன்றி சொல்வார். கிழவருக்குக் கம்பளிச் சால்வை, நாய்க்கும் ஏதோ பிஸ்கட் பெட்டி. நான் என்னென்னவோ சொல்லித் தடுத்துப் பார்த்தேன். கிழவர் இப்போது இருக்கிறாரோ தெரியாது என்றேன். அப்போ அந்த வீட்டில் யாராவது இருப்பார்கள்தானே என்றார்.

அவர் திரும்பி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள். மனைவி வேலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். விமான நிலையத்திலிருந்து நேரே ஆறாம் மாடிக்கு வந்தார், பெட்டியோடு. ரீ வேண்டாம் என்றார். சாப்பாட்டு மேசைக் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மஞ்சள் கதவு வீட்டிலை கிழவனும் இல்லை, நாயும் இல்லை. ஒரு மனிசி தனிய இருக்கிறா. நல்ல மனிசி. ஜன்னலுக்குள்ளாலை எல்லாம் பாத்துக்கொண்டிருந்தவவாம். எங்கடை நிறத்திலை ஒரு ஆள், முழங்கால் குத்தி, பல்லாலை கடிச்சு அவிட்டவராம். பாவம், ஆருக்காகவோ தெரியேல்லை எண்டு தானும் செபம் சொன்னவவாம்."

ரீ வேண்டாம் என்றவருக்கு நான் ரீ வைக்க எழும்பினேன். இரும் என்றார்.

"உமக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு. ஆரைக் கேட்டு உதைச் செய்தனீர்?"

"எனக்கு உதுகளிலை நம்பிக்கை இல்லை அக்கா. நம்பாதவனுக்கு ஒண்டும் வராது."

"உம்மடை நம்பிக்கை மரத்துக்குத் தெரியுமோ?"

அவர் அழவில்லை. மகள் லைசன்ஸ் எடுத்த அன்று தான் கொண்டுவந்து தந்த கேசரியையும் பேசாமல் வாங்கித் தின்றேனே என்று கேட்டார். தன் பிள்ளை சுகமாகிவிட்டாள் என்று தான் சந்தோசப்பட்ட ஒவ்வொரு நாளும் அந்த நோய் என் தலையில் வந்து இறங்கியிருந்தால் தான் என்ன செய்வது என்று கேட்டார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்து, வேலையில் வயதானவர்களைப் பார்ப்பதுபோல விரல் விரலாக மடக்கி நிமிர்த்திப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லும். எப்பவாவது விழுந்தனீரோ?"

"இல்லை அக்கா."

அது உண்மை. கொப்பியை எடுத்து, கிழவரையும் நாயையும் ஒரே கோடாக வெட்டி, அந்தப் பெண்ணின் பெயரை எழுதினார். அவள் சொன்னது என்று கீழே எழுதியதை நான் வாசிக்கவில்லை. கம்பளிச் சால்வையையும் அவளுக்கே கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷமாகிறது. மகளுக்குக் கல்கரியில் நல்ல வேலை கிடைத்து, அக்காவும் அவளோடு போய்விட்டார். அவளுக்கு இன்றுவரை ஒன்றும் வரவில்லை. அங்கேயும் ஒரு நூலகம், ஒரு வட்டம், புதிய கொப்பி. இப்போது உக்ரேன்காரக் கிழவிகளைப் பிடித்திருக்கிறார் என்று கேள்வி. ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்கு எனக்குப் போன் வரும். குளிரைப் பற்றி, யாரோ ஒரு கிழவி சொன்ன புதைமேட்டைப் பற்றி எல்லாம் ஓடி ஓடிப் பேசிவிட்டு, முடிக்கும்போது உமக்கு ஒண்டுமில்லைத்தானே என்று கேட்பார். ஒண்டுமில்லை அக்கா என்பேன். பல வருஷம் அதுவும் உண்மையாகவே இருந்தது.

போன கார்த்திகையில் வேலைத்தலத்தின் கார் நிறுத்துமிடத்தில் விழுந்தேன். கண் திறந்தபோது காவலாளியின் முகம் மேலே தெரிந்தது, வாயெல்லாம் இரத்தம், நாக்கைக் கடித்திருந்தேன். எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, ஒரு தடவை யாருக்கும் வரலாம், பார்ப்போம் என்றார் டொக்டர். என் லைசன்ஸை எடுத்துவிட்டார்கள். இப்போது பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். மரமும் துணியும் இதைச் செய்தது என்று நான் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. மனைவியிடமும் பிள்ளைகளிடமும் ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லியிருக்கிறேன், அக்காவுக்கு இது போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை போனில் ஒண்டுமில்லை அக்கா என்று முன்னைவிடச் சத்தமாகச் சொல்கிறேன்.

இதை எழுதுவதால் அவருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் எனக்கில்லை. அச்சில் வந்த எதையும் அவர் வாசிப்பதில்லை. வாசிக்கிற நீங்கள் யாரும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். மகள் வளர்ந்துவிட்டாள், பார்த்துக்கொள்ள இனி ஆள் தேவையில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிற நேரம் இது. தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏறி, என்னிடமிருந்து அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வந்துவிடுவார்.